இசையும் இசைவும்

தோற்றுவாய்

இசை என்னும் சொல் தமிழில் மூன்று பொருளைத் தாங்கி நிற்பது. பாட்டும் இசை, புகழும் இசை, ஒருவரோடொருவர் உடன்பட்டு ஒழுகுதலையும் இசைதல் என்றே வழங்குகின்றோம். பலர் கூடிப் பாடுமிடத்து இம்மூன்றும் ஒருங்கே அமையுமாயின் அதனினும் இனியது பிறிதில்லை. பாட்டு அமைந்து, புகழும் வந்து சேர்ந்து, உடன்பாடு ஒன்று மட்டும் நிலையாதொழியின் அக்கூட்டத்தின் கதி யாதாம்? பாட்டைக் கேட்டு மகிழ்ந்த நாம் அப்பிளவை எங்ஙனம் நோக்குதல் தகும்? இவ்வினாக்களை எழுப்பி, எளிதில் விடை பகராது நம்மைச் சிந்திக்க விடுகின்ற ஆவணப்படம் ஒன்றைப் பற்றி ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அப்படம் அமெரிக்க நாட்டில் 2012-ஆம் ஆண்டில் வெளிவந்தது. மாண்டி ஸ்டைன், பென் லோகன் என்னும் இருவர் அதனை இயக்கினர். பேட் பிரெயின்ஸ் என்னும் இசைக்குழுவின் வரலாற்றைக் கூறும் அதற்கு ‘எ பேண்ட் இன் டி.சி.’ என்பது பெயர். டி.சி. என்றது வாஷிங்டன் மாநகரை. ‘பேண்ட்’ என்பது ஆங்கிலத்தில் இசைக்குழுவைக் குறிக்கும். ஏறத்தாழ அதே ஓசையோடு வேறெழுத்தால் எழுதுமிடத்துத் ‘தடைசெய்யப்பட்டது’ என்றும் பொருள்படும். தம் நகரின் கேளிக்கை மன்றங்கள் தமக்குக் கதவடைத்தமை குறித்து இக்குழுவினர் பாடிய பாட்டொன்று உண்டு. அதன் தலைப்பையே படம் இயற்றியோர் சிலேடையாகத் திருப்பிக்கொண்டனர். ஆகவே, ‘நகரத்துக் குழு’ என்றும் ‘நகரத்தால் விலக்குண்டது’ என்றும் இருபொருள்பட நிற்கும் அப்பெயரிலேயே கதையின் ஒரு பாதி அடங்கிவிட்டது எனலாம்.

இருவகை இசை

இக்குழுவின் வரலாற்றை உணர்தற்கு அவர்கள் கையாண்ட இருவகை இசையின் இயல்பையும் முதற்கண் அறிதல் வேண்டும். ஒன்று பங்க், மற்றொன்று ரெகே.

பங்க் என்னும் இசை 1970-களின் நடுவில் நியூயார்க்கிலும் இலண்டனிலும் தோன்றியது. அக்காலத்து ராக் இசை நீண்ட ஆலாபனைகளாலும் பெரும் அரங்குகளாலும் எளிய இளைஞரைவிட்டு அகன்று போயிற்று. அதற்கு மாறாக, இரண்டு மூன்று நிமிடத்தில் முடிவனவும், மூன்று நான்கு சுரக்கூட்டங்களே உடையனவும், வேகமும் சினமும் மிக்கனவுமாகிய பாடல்களை இளைஞர் தாமே கட்டித் தாமே பாடலாயினர். நெடுங்காலப் பயிற்சி இல்லாதவனும் மேடையேறலாம் என்பதே அதன் கொள்கை.

ரெகே ஜமெய்க்காத் தீவில் 1960-களின் பிற்பகுதியில் எழுந்தது. அதன் நடை மெல்லியது, தாளமோ நுட்பமானது. நான்கு அடி கொண்ட தாளவட்டத்தில் முதலடியை வெறிதே விட்டு மூன்றாம் அடியில் முரசு விழுதல் அதன் புகழ்பெற்ற நடைகளுள் ஒன்று. கித்தாரோ அடிகளுக்கு இடையே எதிர்த்தட்டாக ஒலிக்கும். ஆதலின் கேட்போர்க்குத் தாளம் மிதப்பது போன்ற உணர்வு உண்டாகும். இவ்விசையோடு ராஸ்தஃபாரி என்னும் சமயநெறி பிணைந்து வளர்ந்தது. 1930-இல் எத்தியோப்பியப் பேரரசராக முடிசூடிய ஹைலே செலாசி அவர்களின் முற்பெயராகிய ராஸ் தஃபாரி என்பதினின்று இந்நெறி பெயர் பெற்றது. இந்நெறியினர் அவ்வரசரைத் தெய்வமாகப் போற்றினர். தம் இனத்தை அடிமைப்படுத்திய உலகியலை, விவிலியச் சொல்லை எடுத்தாண்டு, பாபிலோன் என்றழைத்தனர். கஞ்சாவைப் புனிதப் பொருளாகவும் கொண்டனர். பாப் மார்லி என்னும் பாடகர் இவ்விசையையும் நெறியையும் உலகெங்கும் பரப்பி 1981-இல் மறைந்தார்.

வேகமும் சினமும் ஒன்றின் இயல்பு. அமைதியும் வழிபாடும் மற்றொன்றின் இயல்பு. எனினும், ஒடுக்கப்பட்டோர் குரல் என்னும் ஒற்றுமை இரண்டிற்கும் உண்டு. இலண்டனில் 1977-இலேயே பங்க் இளைஞர் கூடும் மன்றத்தில் டான் லெட்ஸ் என்பார் ரெகே இசைத்தட்டுகளைச் சுழற்றி இரண்டையும் அறிமுகஞ் செய்துவைத்தார். ஆனால் ஒரே குழு, ஒரே மேடையில், இரண்டையும் அதனதன் எல்லைவரை கொண்டு சென்றமை பேட் பிரெயின்ஸ் குழுவினரின் தனிச்சிறப்பாகும்.

நால்வரின் எழுச்சி

பால் ஹட்சன், அவர்தம் இளவல் ஏர்ல் ஹட்சன், கேரி மில்லர், டேரில் ஜெனிஃபர் என்னும் நால்வரே இக்குழுவினர். பால் ஹட்சன் எச்.ஆர். என்ற பெயரால் பாடினார். ஏர்ல் முரசு கொட்டினார். கேரி மில்லர் டாக்டர் நோ என்ற பெயரால் கித்தார் வாசித்தார். ஜெனிஃபர் அடிக்குரற் கித்தார் வாசித்தார். நால்வரும் கறுப்பினத்தவர். வாஷிங்டனை அடுத்த பகுதியில் வாழ்ந்த இவர்கள் ஜாஸ் கலந்த அரிய இசையையே முதலிற் பயின்றனர். 1977-ஆம் ஆண்டளவில் பங்க் இசையின்பால் இவர்கள் மனம் திரும்பியது.

இதனால் விளைந்த நன்மை யாதெனின், பங்க் இசையின் வேகத்தோடு பயின்ற கையின் திறமும் சேர்ந்தது. பிறர் வேகமாக வாசிக்குமிடத்துச் சுரங்கள் குழம்பும். இவர்கள் வாசிக்குமிடத்து, வேகம் இருமடங்காயினும், ஒவ்வோர் ஒலியும் தெளிவாக விழும். 1980-இல் வெளிவந்த இவர்களின் முதல் இசைத்தட்டிலுள்ள பாட்டு ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடுகின்றது. எச்.ஆர். மேடையில் பின்னோக்கிக் கரணமிட்டுப் பாட்டின் இறுதியடியில் கால் ஊன்றி நிற்பார் என்பர் கண்டோர். ஹார்ட்கோர் எனப் பின்னாளிற் பெயர்பெற்ற கடுவேகப் பங்க் இசைக்கு இவர்களே முன்னோடிகளுட் சிறந்தோர்.

நெப்போலியன் ஹில் என்பார் எழுதிய, 1937-இல் வெளிவந்த முன்னேற்ற நூலொன்றை எச்.ஆர். விரும்பிப் படித்தார். நலம் விளையும் என்று உள்ளத்தை உறுதியாக நிறுத்தும் ஆக்க மனப்பான்மை என்னும் கொள்கையை அவ்வாசிரியர்பாற் பெற்று, தம் பாட்டிலும் அதனை ஏற்றினார். பங்க் இசைக்குழுக்கள் பல அழிவையும் வெறுமையையும் பாடிய காலத்தில், சினத்தோடு நம்பிக்கையையும் சேர்த்துப் பாடியவர்கள் இவர்கள். 1979-இல் வேலி கிரீன் என்னும் ஏழை மக்கள் குடியிருப்பில், இனவேற்றுமையை எதிர்த்து நடந்த இசைக்கூட்டத்தில் இவர்கள் வாசித்தனர். வெள்ளையர் மிக்கிருந்த பங்க் உலகையும் கறுப்பினத்தவர் வாழ்ந்த குடியிருப்பையும் ஒரு நாளேனும் ஒரு வெளியில் சேர்த்துவைத்த செயல் அது.

தடைகளும் அக்காலத்திலேயே தொடங்கின. இவர்கள் பாடுமிடத்து இளைஞர் கொள்ளும் ஆவேசத்தால் பொருட்சேதம் நேருமென்று அஞ்சி, வாஷிங்டன் மன்றத்தார் இடங்கொடுக்க மறுத்தனர். 1979-இல் இங்கிலாந்து சென்று வாசிக்க முயன்றபோது, தொழில் செய்தற்குரிய அனுமதி இன்மையால் அந்நாட்டினுள் புகவிடாது திருப்பியனுப்பப்பட்டனர். பின்னர் நியூயார்க்கிற் குடியேறி, சி.பி.ஜி.பி. என்னும் சிறு மன்றத்தில் பாடிப் பெரும்பெயர் பெற்றனர்.

1982-இல் இவர்களின் முதல் தொகுப்பு ஒலிநாடாவாக மட்டும் வெளிவந்தது. அமெரிக்கப் பாராளுமன்ற மாளிகையின் கவிமாடத்தின்மேல் இடி விழும் ஓவியம் அதன் முகப்பில் உள்ளது. அதிலுள்ள பதினைந்து பாட்டுகளுள் மூன்று ரெகே நடையின. கடுவேகப் பாட்டுகள் சில தொடர்ந்து வந்து கேட்போர் மூச்சுத் திணறும் நிலையில், ரெகே பாட்டொன்று நடுவே வந்து இளைப்பாற்றும். பாலையில் நெடுந்தொலை நடந்தானுக்கு மரநிழல் எய்தினாற் போன்றது அது. அந்நிழலை விட்டு மீண்டும் வெயிலில் இறங்கும்போது வெயிலின் கடுமையும் முன்னினும் நன்கு புலனாகும். ஒன்றையொன்று விளக்குதற்கே இருநடையும் அடுத்தடுத்து வைக்கப்பட்டன எனத் தோன்றுகின்றது.

பிளவின் வித்து

நிற்க. இக்குழுவை உயர்த்திய இவ்விருநடையே பிற்காலத்துப் பிளவிற்கும் வித்தாயிற்று. ராஸ்தஃபாரி நெறியை நால்வரும் தழுவினர், எனினும் எச்.ஆர். அதனை மேற்கொண்ட முறை மிகத் தீவிரமானது. கடுவேக இசையைக் கைவிட்டு ரெகே ஒன்றையே பாடவேண்டுமென்ற வேட்கை அவருக்கு வளர்ந்தது. டாக்டர் நோவும் ஜெனிஃபரும் தாம் ஆக்கிய கடுவேக இசையை விட இசைந்திலர். முரசு கொட்டுபவரோ எச்.ஆரின் உடன்பிறந்தார், அண்ணன் விலகியபோது தாமும் விலகினார். இங்ஙனம் 1980-களின் நடுவிலிருந்து குழு பிரிவதும் கூடுவதுமாகவே இருந்தது.

சமயப்பற்று அவர்களுக்கு அமைதியை அளித்தது உண்மை. பிறர்மேற் கடுமையை விளைத்ததும் உண்மை. 1982-இல் டெக்ஸாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகருக்குச் சென்றபோது, அங்கே தம்மை வரவேற்ற குழுவின் பாடகர் தம் பாலினரையே விரும்பும் இயல்பினர் என்றறிந்து, அவரை இகழ்ந்து நடந்துகொண்டனர். இச்செய்தி அமெரிக்கப் பங்க் உலகெங்கும் பரவி, இவர்கள்பால் அன்புகொண்டோர் பலரை வருந்தச் செய்தது. அன்பையும் ஒற்றுமையையும் பாடிய வாயே இகழ்ந்ததாலன்றோ அவ்வருத்தம் மிகுந்தது! ஜெனிஃபர் பிற்காலத்தில் தம் இளமைக்காலத்து அப்போக்கைக் குறித்து வருந்திப் பேசியுள்ளார்.

1986-இல் வெளிவந்த ‘ஐ அகெயின்ஸ்ட் ஐ’ என்னும் தொகுப்பு இவர்களின் திறத்திற்குச் சிகரமாகப் போற்றப்படுவது. ‘எனக்கு எதிராக நான்’ என்று பொருள்படும் அத்தலைப்பு குழுவின் நிலைக்கே உரையாக அமைந்தது போலும். கஞ்சா வழக்கில் எச்.ஆர். சிறைப்பட்டமையால், அத்தொகுப்பிலுள்ள பாட்டொன்றை லார்ட்டன் சிறைச்சாலைத் தொலைபேசி வாயிலாகவே பாடினார். அக்குரலைப் பதிந்து பாட்டோடு இணைத்தனர். தொலைவும் சிறைச்சுவரும் அக்குரலில் ஒலிக்கின்றன. தடையையும் கலையாக்கிய இச்செயலை வியவாதார் இலர். ஆயினும், இத்துணைச் சிறந்த தொகுப்பை நாடெங்கும் பாடிப் பரப்பவேண்டிய காலத்தில் குழு மீண்டும் பிளவுற்றது.

அதன்பின் பாடகர் பிறரைக் கொண்டு குழு நடந்தது. 1993-இல் எபிக் நிறுவனத்தின் வாயிலாக வெளிவந்த தொகுப்பில் எச்.ஆர். இல்லை. 1995-இல் நால்வரும் மீண்டுங் கூடி, மாவெரிக் என்னும் நிறுவனத்திற்காக ஒரு தொகுப்பு இயற்றினர். பீஸ்டி பாய்ஸ் என்னும் பெரும்புகழ்க் குழுவோடு சுற்றுப்பயணஞ் செய்யும் வாய்ப்பும் வந்தது. அப்பயணத்தின் தொடக்கத்திலேயே எச்.ஆர். தம் குழுவின் மேலாளரைத் தாக்கினார். கான்சஸ் மாநிலத்தில் கேட்போர் ஒருவர் அவர் கையிலிருந்த ஒலிவாங்கித் தண்டால் அடியுண்டார். வழக்கும் சிறையும் தொடர்ந்தன. வாயிலுக்கு வந்த செல்வம் வாயிலோடே திரும்பிற்று.

படத்தின் நோக்கும் போக்கும்

இவ்வரலாற்றைப் படமாக்குவார்முன் இருவழிகள் இருந்தன. புகழ்மாலை சூட்டிக் குறைகளை மறைப்பது ஒருவழி. பூசல்களையே பெரிதாக்கி வேடிக்கை காட்டுவது மற்றொரு வழி. மாண்டி ஸ்டைன் இவ்வுலகை நன்கறிந்தவர்; சி.பி.ஜி.பி. மன்றத்தைப் பற்றியும் 2009-இல் ஒரு படம் இயற்றியவர். அவரும் பென் லோகனும் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியை நாடினர்.

பழைய மேடைக்காட்சிகளும் நிழற்படங்களும் ஒருபுறம் வருகின்றன. காட்சியாகப் பதிவாகாத நிகழ்ச்சிகளைச் சித்திரக்கதை போன்ற ஓவியங்களால் காட்டுகின்றனர். இயன் மெக்காய், ஹென்றி ராலின்ஸ் முதலியோர், இளமையில் இக்குழுவைக் கண்டு தாமும் இசைத்துறையில் இறங்கிய கதையைக் கூறுகின்றனர். இஃது புகழாகிய இசையைக் காட்டும் பகுதி.

இவற்றினிடையே, 2007-ஆம் ஆண்டளவில் நடந்த சுற்றுப்பயணத்தின் காட்சிகள் ஊடறுத்து வருகின்றன. அங்கே எச்.ஆர். முன்னைய எச்.ஆர். அல்லர். துள்ளிக் கரணமிட்ட அவர், அசையாது நின்று புன்னகை பூத்து, இசையின் வேகத்திற்குப் பொருந்தாத மென்குரலில் பாடுகின்றார். மேடையின் பின்புறத்தில் அவருக்கும் ஜெனிஃபருக்கும் கடுஞ்சொற்கள் எழுகின்றன. முப்பதாண்டுத் தோழமையும் அந்தக் கடுஞ்சொற்களும் ஒரே அறையில் நிற்பதைக் காண்கின்றோம். படம் அக்காட்சியை வெட்டி நீக்கவில்லை, தீர்ப்பும் கூறவில்லை.

இதுவே படத்தின் சிறப்பு. ஜெனிஃபரின் சினத்தில் நியாயம் உண்டு: பொருள் கொடுத்து வந்தோர் ஏமாறுகின்றனர், தம் வாழ்நாளை ஈந்து வளர்த்த இசை சிதைகின்றது. ஒரு கை தட்டினால் ஓசை எழாதன்றோ? எனின், எச்.ஆர். பிழை செய்கின்றார் என்று முடிவு கட்டலாமா? அங்கேதான் நாம் தயங்கி நிற்றல் வேண்டும்.

நோயும் குணமும்

அத்தயக்கத்திற்குரிய காரணத்தை 2016-இல் வெளிவந்த மற்றொரு படம் விளக்குகின்றது. ஜேம்ஸ் லேத்தோஸ் என்பார் எச்.ஆர். ஒருவரையே பொருளாகக் கொண்டு இயற்றிய ‘ஃபைண்டிங் ஜோசப் ஐ’ என்பது அது. எச்.ஆர். மனச்சிதைவு நோயால் துன்புற்றமையை அப்படம் வெளிப்படப் பேசுகின்றது. மேலும், சன்க்ட் எனப்படும் அரிய தலைநோயும் அவரைப் பற்றியது. கண்ணைச் சூழ்ந்து ஒருபுறமாக, கூரிய வேல் பாய்ந்தாற்போன்ற வலி அடிக்கடி தோன்றி மறைவது அந்நோயின் இயல்பு. அன்பர் பலர் பொருளுதவ, 2017-இல் அவருக்கு மூளையில் அறுவை மருத்துவம் செய்யப்பட்டது.

இவ்விரண்டாம் படத்தின் பின்னர் முதற்படத்தை மீண்டும் நோக்கின், அதே காட்சிகள் வேறுவகையாய்ப் பொருள்படுகின்றன. அலட்சியம் என்று கருதிய புன்னகை, ஆணவம் என்று கருதிய மௌனம், ஞானம் என்று சிலர் வியந்த விந்தைப் பேச்சு ஆகிய இவற்றுள் எவ்வளவு நோயின் விளைவோ, யார் அறிவார்! இகழ்ந்தோர் அவரைத் திமிர் பிடித்தவர் என்றனர். புகழ்ந்தோர் அவரை மறைபொருள் உணர்ந்தவர் என்றனர். இருதிறத்தாரும் கேட்க மறந்தது ஒன்று: இவருக்கு உடல்நலம் எங்ஙனம் உள்ளது என்பதே. இகழ்ச்சியைப் போலவே வியப்பும் நோயாளியை மருத்துவரிடமிருந்து விலக்கி நிறுத்தக்கூடும் என்பது இவ்வரலாற்றில் நாம் காணும் பெரியதோர் உண்மை.

ஆயினும், நோய் என்னும் ஒரு சொல்லால் அனைத்தையும் துடைத்துவிடுதலும் நேர்மையன்று. ஆஸ்டின் நகரில் ஒருவர் புண்பட்டார். அச்செயல் குழுவினர் பலர்க்கும் பொதுவான கொள்கையின் விளைவே. 1995-இல் அடியுண்டவர்க்கு வலியும் மெய்யே. நோய் எங்கே முடிகின்றது, கொள்கை எங்கே தொடங்குகின்றது, செருக்கு எங்கே கலக்கின்றது என்று கோடு கிழித்தல் எளிதன்று. நோயுற்றான்மேல் இரக்கமும் புண்பட்டான்பால் நியாயமும் ஆகிய இரண்டையும் ஒரு நெஞ்சிலே தாங்குதல் வேண்டும். ஒன்றிற்காக மற்றொன்றைக் கைவிடுதல் நமக்கு எளிது, நேர்மைக்கு அடாது.

முடிபு

இக்குழுவின் கதை முறிவோடு முடிந்துவிடவில்லை. பீஸ்டி பாய்ஸ் குழுவைச் சேர்ந்த ஆடம் யாக், தம் இளமையில் இவர்களைக் கேட்டு எழுச்சியுற்றவர்; அவரே 2007-இல் வெளிவந்த ‘பில்ட் எ நேஷன்’ என்னும் தொகுப்பை மேற்பார்த்து உருவாக்கினார். படம் வெளிவந்த 2012-இலேயே நால்வரும் கூடிய மற்றொரு தொகுப்பும் வெளிவந்தது. 2015-இன் இறுதியில் டாக்டர் நோ நெஞ்சடைப்பால் உயிருக்குப் போராடிப் பின் நலமுற்றார். தம் பழைய ஒலிப்பதிவுகளின் உரிமையைக் குழுவினர் மீட்டுக்கொள்ள, 2021 முதல் அத்தொகுப்புகள் அவர்தம் பெயராலேயே மீண்டும் வெளிவரலாயின. பிறர் கையிற் சென்ற உழைப்பின் பயன் காலந்தாழ்த்தேனும் உரியோரை வந்தடைந்தது.

பெருநிறுவனங்களின் அளவுகோலால் நோக்குவார் இவர்களைத் தோற்றவர் என்பர். ஆனால் இவர்களைக் கேட்டுப் பாடத் தொடங்கியோர் வழியாக இவர்தம் இசை அமெரிக்க ராக் இசை முழுவதும் பரவியுள்ளது. புகழாகிய இசை அங்ஙனம் வந்தது. பாட்டாகிய இசையோ அந்தப் பதினைந்து பாட்டு ஒலிநாடாவில் இன்றும் குன்றாது நிற்கின்றது.

எஞ்சியது உடன்பாடாகிய இசைவு. அது நால்வர்க்கும் முழுவதும் வாய்க்கவில்லை என்பது உண்மையே. எனினும், எத்தனைமுறை பிரிந்தும், ஒருவரையொருவர் வெறுத்தொதுக்காது மீண்டும் மீண்டும் ஒரே மேடையை நாடி வந்தனர் என்பதும் உண்மை. ஆக்க மனப்பான்மை என்று இளமையில் அவர்கள் பாடியது துன்பம் வாராது என்னும் நம்பிக்கையாயின், வரலாறு அதனைப் பொய்யாக்கிற்று. துன்பம் வந்தபின்னும் தோழனைக் கைவிடாமை என்று அதற்குப் பொருள் கொள்ளின், சினந்து பேசிய பின்னும் எச்.ஆரின் அருகே தம் கித்தாரை ஏந்தி நின்ற ஜெனிஃபர் அதனை மெய்யாக்கினார்.

கல்லூரியிலும் மன்றங்களிலும் பலரோடு கூடித் தொழிலாற்றும் மாணவர் இப்படத்தால் அறியத்தக்கது இதுவே: நம்மோடு இசையாதானைக் கண்டவிடத்து, அவன் குற்றத்தை எண்ணுமுன் அவன் நலத்தை வினவுதல் வேண்டும். அங்ஙனம் வினவினாற் பூசல் அனைத்தும் ஒழியும் என்பதற்கில்லை. நோயைக் குணமென்று பழிக்கும் பிழையேனும் நம்மால் நேராது.